பெயர் வெட்டிய பாத்திரங்கள்

மாட்டுங்கா ரயில் பாலத்தின் படிகளில் அக்கா ஏறிக்கொண்டிருந்தாள். தலையில் கோணி மூட்டை, இடுப்பில் பித்தளைக் குடம். மூட்டைக்குள் இருந்த தவலையும் சட்டியும் படிக்கு ஒருமுறை டணக்கென்று இடித்துக்கொண்டன. ஆபீசுக்குப் போகிற கூட்டம் எதிரே இறங்கி வந்தது. இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள், டிபன் டப்பாவை நெஞ்சோடு அணைத்தவர்கள் எல்லோரும் கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.

அவளுக்குப் பின்னால், கல்லூரிக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டையில், வெறுங்கையோடு நான். மூட்டையைக் கொடு என்று தாராவியிலேயே கேட்டுப் பார்த்தேன். “நீ தொடாத. நீ கொண்டுபோனா அந்த மனுசன் வாங்க மாட்டாரு” என்று முகத்தைக்கூடத் திருப்பாமல் சொல்லிவிட்டாள்.

காலை வெயிலில் குடத்தின் கழுத்து மின்னியது. அதில் ‘சண்முகவடிவு’ என்று அவள் பெயர் இருந்தது. உளி பிடித்து வெட்டியவன் நான்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டேன். பாலம் ஏறிய அந்த முதுகைப் பார்த்து வாயடைத்துப் போனதுபோல் வேறு யாரைப் பார்த்தும் போனதில்லை.

அப்பாவின் சட்டைப் பை

கல்லூரியில் இடம் கிடைத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “இடம் கிடைத்தது சரி, பணத்துக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரம் முழுக்க அதற்குத்தான் பதில்.

அப்பாவுக்குத் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை. உப்புத் தோலைத் தொட்டியில் போட்டு அலசுகிற வேலை. சம்பளம் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சம்பளம் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவதுதான் அபூர்வம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறிய எவனும் தாதரில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நேரே எங்கள் கோலிக்குத்தான் வருவான். கோலி என்பது ஒற்றை அறை வீடு. வந்தவனுக்கு வேலை கிடைக்கும்வரை படுக்கை எங்கள் வாசலில், சாப்பாடு எங்கள் பானையில். ஊருக்குத் திரும்புகிறவனுக்கு டிக்கெட் காசு அப்பாவின் சட்டைப் பையில்.

கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல அப்பாவுக்கு நாக்கு வராது. அது அவருக்குப் பெருமையோ தர்மமோ இல்லை. அந்தச் சொல் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் முதல் வருஷம் படித்தபோது, அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்துத் தபால் ஆபீசில் போட்டு வைத்தாள். கணக்கு அப்பா பெயரில். செம்பூரில் சாரம் சரிந்து கால் முறிந்த ஊர்க்காரர் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பா பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் கணக்கில் ஒன்றும் இல்லை. அம்மா அவரைத் திட்டவுமில்லை, கால் முறிந்தவரைக் குறை சொல்லவுமில்லை. அந்த வருஷக் கட்டணத்துக்குக் காதுத் தோட்டைக் கழற்றிச் சேட்டுக் கடையில் வைத்தாள்.

இந்த வீட்டில் ரொக்கம் தங்காது என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெளிவாகப் புரிந்தது.

எழுத்துக்கு இவ்வளவு என்று

முழுநேரப் படிப்பு. காலையில் வகுப்பு, மதியம் லேபரட்டரி. மிச்சமிருந்த மாலைப்பொழுதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. மாட்டுங்கா மார்க்கெட்டில் மீராசா பாய் பாத்திரக் கடை வைத்திருந்தார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். தமிழர்கள் பாத்திரம் வாங்கினால் சும்மா தூக்கிக்கொண்டு போவார்களா? பெயர் வெட்டியாக வேண்டும். அவரிடம் இருந்த மராட்டிப் பையனுக்குத் தமிழ் எழுத்து வராது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று யாரோ சொல்லி, என் கையில் உளியும் குட்டிச் சுத்தியலும் வந்தன.

மடியில் கோணியை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் பாத்திரத்தைச் சாய்த்து வைத்து, உளியைத் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். அடி ஓங்கி விழுந்தால் தகடு நெளியும். தடம் மாறினால் போச்சு. காகிதத்தில் என்றால் அடித்துத் திருத்தலாம், பித்தளையில் ஒருமுறை வெட்டியது வெட்டியதுதான்.

கூலி எழுத்துக் கணக்கு. அதனால் எனக்கு நீளமான பெயர்கள் என்றால் உயிர். ‘அருணாசல வடிவேல் முருகேசன்’ என்று ஒருவர் வந்தால் அவருக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைப்பேன். ‘ராமு’ என்று வருகிறவரிடம், இனிஷியல் இல்லையா, ஊர்ப்பெயர் போட வேண்டாமா என்று ஆசை காட்டுவேன். மாட்டுங்கா ஆபீஸ் வீட்டு மாமிகள் கெட்டிக்காரிகள். மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கூலி உண்டா இல்லையா என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொண்டுதான் பாத்திரத்தை என் மடியில் வைப்பார்கள்.

சம்பாதித்தது ஒரு பக்கம், செலவழிக்காமல் இருந்தது இன்னொரு பக்கம். ரயில் பாஸ் எடுக்காமல் நடந்தே போய் வந்தேன். கல்லூரி கேண்டீனில் தண்ணீர் இலவசம் என்பதால் அங்கே நான் மிகவும் தெரிந்த முகம். புத்தகமெல்லாம் நடைபாதைக் கடையில் வாங்கியவை, முன்பு படித்தவன் கோடு போட்டிருந்த இடங்கள் எனக்கும் உதவின. தோல் பட்டறை வாடை சட்டையில் ஏறாமலிருக்க, துவைத்த சட்டையை அக்கா காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பாள்.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதன்முதலாக லேபரட்டரியில் கேஸ் பர்னரின் பித்தளைக் குழாயைத் திருகித் தீக்குச்சியைக் காட்டியபோது நீலமாக ஒரு தீ நின்றது. புகை இல்லை, கரி இல்லை, ஊத வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அம்மாவும் அக்காவும் ஈர விறகோடு மல்லுக்கட்டிக் கண்ணெரிந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தீயை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ, பக்கத்துப் பையன் தோளைத் தட்டினான். அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதைச் சொன்னேன். அவள் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மாவின் யோசனை

எழுத்துக் கூலியை எங்கே வைப்பது? முதலாளியிடமே இருக்கட்டும் என்றுதான் முதலில் விட்டுவைத்தேன். ஊருக்குப் போக வழியில்லாத ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு அப்பா கடைக்கே வந்து நின்றார். அந்தக் காசும் ரயிலேறிப் போனது.

அப்போதுதான் அம்மா வழி சொன்னாள். “காசா வாங்காத. பாத்திரமா வாங்கு. அதுல அக்கா பேர வெட்டிப் போடு. பொட்டப் பிள்ள பேரு போட்ட சாமான ஒங்கப்பா இல்ல, எவனும் தொட மாட்டான்.”

அது உண்மை. எங்கள் பக்கத்தில் பெண்ணின் பெயர் வெட்டிய பாத்திரம் அவளுடைய சீர். சோற்றுக்கு இல்லாவிட்டாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். படிப்பு முடியும் வருஷம் மொத்தமாகக் கட்டணம் கட்ட வேண்டி வரும்போது எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பது அம்மாவின் கணக்கு. பித்தளைக்கு எப்போதும் விலை உண்டு. பேர் மட்டும்தான் உனக்கு, பாத்திரம் தம்பி படிப்புக்கு என்று அக்காவிடமும் சொல்லிவிட்டாள். அக்கா சரி என்று தலையாட்டினாள். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. அவரிடம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று.

முதலில் ஒரு செம்பு வந்தது. பிறகு தூக்குவாளி, சட்டி, தவலை, குத்துவிளக்கு, குடம். சுவரில் பலகை அடித்து வரிசையாக அடுக்கினோம். அக்கா வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்ப்பாள். எங்கள் இருட்டு அறைக்கு அவள் பெயர்தான் வெளிச்சம்.

அம்மாவின் திட்டம் அவள் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. அதுதான் தொல்லையாகப் போனது.

குர்லாவிலிருந்து வந்தவர்கள்

அப்பாவுக்கு அந்தப் பலகையைப் பார்க்கப் பார்க்கப் பூரிப்பு. படிக்கிற பையன், அக்கா கல்யாணத்துக்குச் சீர் சேர்க்கிறான் என்று பட்டறையில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், குழாயடியில் நின்றவர்களிடமும் சொன்னார். பேச்சு குர்லா வரைக்கும் போய், ஒருநாள் அங்கிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

பையனுக்கு லேத் பட்டறையில் வேலை. நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தான். அவன் அம்மா எழுந்து பலகையருகே போய், ஒவ்வொரு பாத்திரத்தின் எழுத்திலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். சீருக்கு இது போதும், தை மாதமே வைத்துக்கொள்ளலாம் என்றாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா சிரித்த சிரிப்பு எப்படி இருந்தது என்று எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

அதே வாரம் கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நிலுவையிலிருந்த டேர்ம் ஃபீஸும் கடைசி வருஷப் பரீட்சைக் கட்டணமும் பொங்கலுக்கு முன் கட்டியாக வேண்டும். கட்டாதவர்கள் பரீட்சை எழுத முடியாது.

அம்மா ஒரு தவலையை எடுத்து என் கையில் தந்தாள். இதை முதலில் போட்டுப் பார், மற்றதைப் பிறகு யோசிப்போம் என்றாள். கொண்டுபோனேன். மீராசா பாய் அதைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். தராசில் வைக்காமல் என் பக்கமே தள்ளினார்.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நானே பலமுறை கண்ணால் பார்த்ததுதான். சாராயத்துக்குக் காசில்லாத புருஷன்மார் பெண்டாட்டியின் பாத்திரத்தைத் துண்டில் மூடிக் கொண்டுவருவார்கள். பெண் பெயர் போட்ட சாமானை ஆண் கையிலிருந்து அவர் வாங்கவே மாட்டார். அவளையே வரச் சொல் என்று அனுப்பிவிடுவார். அந்த ஆட்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவதை மடியில் உளியோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன், அது எனக்கும் பொருந்தும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாதா முதலாளி என்று கேட்டேன்.

“தெரியும்பா. ஒன் படிப்புக்குத்தான்னும் தெரியும். ஒனக்குன்னு நான் ஒரு நாள் வழக்கத்த மாத்துனா, நாளைக்கி எந்தக் குடிகாரன என்ன சொல்லி நான் திருப்பி அனுப்ப?”

தவலையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

அக்கா வந்தால்தான் உண்டு. கல்யாணம் பேசி முடித்திருக்கும் மகளிடம், உன் சீரை நீயே கொண்டுபோய் விற்றுவிட்டு வா என்று எந்த அம்மா சொல்வாள்? எந்தத் தம்பி கேட்பான்? படிப்பை நிறுத்திவிடுகிறேன், சாயக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டி ஊதிக்கொண்டிருந்தாள். கேட்டாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

தலைச்சுமை

மறுநாள் காலையில் கண் விழித்தால் பலகை காலி.

அக்கா வாசலில் நின்று, பழைய சேலையில் பொதிந்த பாத்திரங்களைக் கோணிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். குழாயடிப் பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். குர்லாக்காரர்கள் கேட்டால் என்னடி சொல்லுவாய் என்று ஒருத்தி கேட்டாள்.

“எம்பேரு போட்ட சாமான் எனக்குத்தான? நான் விக்கேன். கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்” என்றாள் அக்கா.

பெண் பெயர் போட்ட பாத்திரத்தை வேறு யாரும் தொடக் கூடாது என்பது ஊர் வழக்கம் என்றால், அவளே தொடுவதை யார் தடுப்பது? அந்த வழக்கத்துக்குள் இப்படி ஒரு கதவு இருந்தது படித்த எனக்குத் தெரியவில்லை, திட்டம் போட்ட அம்மாவுக்கும் தெரியவில்லை. அவள் தானாகவே கண்டுபிடித்துத் திறந்துவிட்டாள்.

மூட்டை தயார். ஆனால் தலைச்சுமையைத் தானே ஏற்றிக்கொள்ள முடியாது, இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். நான் தொடக் கூடாது. அம்மா எழுந்திருக்கவே இல்லை. அப்பா பட்டறைக்குப் புறப்பட்டவர் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். என்ன நடக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்த சீர் அந்தக் கோணிக்குள் இருந்தது. அக்கா அவரைப் பார்த்து, “தூக்கி விடுங்கப்பா” என்றாள்.

கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். குனிந்து மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். சும்மாடு நகராமல் இருக்கிறதா என்று சரிபார்த்தார். குடத்தையும் எடுத்து இடுப்பில் தந்தார்.

இப்படித்தான் நாங்கள் அந்தப் பாலத்துக்கு வந்து சேர்ந்தோம்.

மீராசா பாய் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். யார் சொல்லியும் வரவில்லையே அம்மா என்று கேட்டார். எனக்கு வேண்டும் என்று நான்தான் வந்தேன் என்று அக்கா சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். எடை குறைக்கவுமில்லை, தயவு காட்டிக் கூட்டவுமில்லை. குத்துவிளக்கை மட்டும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கல்யாணம் ஆகவேண்டிய பெண் கையிலிருந்து விளக்கை வாங்க மாட்டேன் என்றார். அது போகவும் கட்டணத்துக்குப் போதுமாக இருந்தது.

அக்கா நோட்டுகளை மடித்து என் சட்டைப் பையில் வைத்து, மேலே தட்டிப் பார்த்தாள். காலேஜ் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவள் அதுவரை பார்த்ததில்லை.

கூட்டிக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே நின்றாள். கக்கத்தில் மடித்த கோணி, கையில் விளக்கு. மாடி மாடியாக நின்ற கட்டிடத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்தாள்.

“அந்த நீலத் தீ எரியிறது எந்தச் சன்னல்ல?”

இரண்டாம் மாடியில் மூலைச் சன்னலைக் காட்டினேன். பகல் வெளிச்சத்தில் அங்கே கண்ணாடியைத் தவிர ஒன்றும் தெரியாது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். “சரி, போய்க் கட்டிட்டு வா” என்று சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனாள்.

பின்னால் நடந்தது

குர்லாக்காரர்கள் வரவில்லை. ஆள் விட்டு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா வெள்ளிக்கிழமைகளில் வெறும் பலகையில் இருந்த ஒற்றை விளக்கைத் தேய்த்து வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் படித்த படிப்பை வேறெந்த நாளிலும் படித்திருக்க மாட்டேன்.

பாஸானேன். செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை லேபரட்டரியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தை வாங்கி, அப்பா கண்ணில் படுமுன் அக்காவை அழைத்துக்கொண்டு மீராசா பாய் கடைக்குப் போனேன். இருப்பதிலேயே பெரிய குடமாக எடுத்தேன். உளியை வாங்கிக்கொண்டு பழைய இடத்தில் உட்கார்ந்து, சண்முகவடிவு என்று வெட்டி முடித்தேன்.

அக்கா குனிந்து பார்த்தாள். அதற்குப் பின்னால் அந்த எழுத்தையும் வெட்டு என்றாள். எந்த எழுத்து என்று கேட்டேன்.

“காலேஜ்ல நீ வாங்குன எழுத்து.”

“அது படிச்சவங்க பேருக்குப் பின்னாலதான் போடணும்க்கா.”

“ஏன், நான் துட்டு கட்டலையாக்கும்?”

மீராசா பாய் சுத்தியலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். வெட்டினேன்.

அடுத்த வருஷமே அவளுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்தன்று சீரைப் பரப்பி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா சபை வழக்கப்படி ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பெயரை உரக்க வாசித்தார். குடம் வந்தது. ‘சண்முகவடிவு, பி.எஸ்ஸி.’ என்று வாசித்தவர் நிறுத்திவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி வாசித்தார். பொண்ணு பி.எஸ்ஸி.யா, எங்களிடம் சொல்லவே இல்லையே என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா பலகைக் காலத்துப் பூரிப்போடு எழுந்து நின்றார்.

“ஆமாய்யா. ரெண்டு பேருஞ் சேந்துதான் படிச்சாவ.”

தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய மணப்பெண் நன்றாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.